‘நன்றாக இருந்தார்’ என்று எழுதாதே

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருஷம் கணக்கு எழுதினேன். கடையை மூடிவிட்டார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடக்கும் முதியோர் இல்லத்தில் கணக்கு எழுத ஆள் தேவை என்றார்கள், போனேன். 22 பேர் தங்கியிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து, நிர்வாகம் பார்த்த பெரியவர் முழங்கால் முடியாமல் விலகிக்கொண்டார். அறக்கட்டளைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, “நீங்களே பாத்துக்கங்கம்மா, கணக்குத்தான் தெரியுமே” என்றார்கள். சரி, அரிசி பருப்பு, சம்பளம், கரண்ட் பில், இதுதானே என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மூன்றாவது நாள் விடியற்காலையில் ஓர் ஆச்சி பின்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டார். ஓடிப்போய் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். நல்லவேளையாக எலும்பு முறிவில்லை. வந்த டாக்டர் ஆச்சியைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “விழுந்தவங்களை உடனே தூக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லித்தரலையாம்மா?” யாரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அறக்கட்டளைக்காரர்களிடம், நான் படித்துவிட்டு வந்துதான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். சம்மதித்தார்கள், பீஸையும் கட்டினார்கள்.

எங்கே படிப்பது? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே முறை வைத்திருக்கிறார்களாம். இல்லத்தில் இருக்கும் ஓர் ஆச்சியின் பேத்தி அங்கே இதே வேலைக்குப் படித்தவள், போனில் சொன்னாள்: 80 மணி நேர வகுப்பு, அரசுத் தேர்வில் 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 40 மணி நேரம் மறுபடி படிக்க வேண்டும். நம் ஊரில் நிர்வாகிக்கு அப்படி ஒரே தேர்வு என்று கிடையாது. மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புக்குக் படிப்புகள் நடத்துகிறது. அது டெல்லியில் இருக்கிறது, எனக்கு ஆகாது. மதுரையில் சனி, ஞாயிறு மட்டும் நடந்த ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். விடியற்காலை பஸ், திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரம். வகுப்பில் பதினாலு பேர், நாற்பத்தாறு வயதில் நான்தான் மூத்தவள்.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற மேட்ரன் அம்மா. முதல் வாரமே வீட்டுப்பாடம்: அவரவர் இல்லத்தில் ஒருவரை ஏழு நாள் கவனித்துப் பதிவேடு எழுதி வர வேண்டும். நான் கணக்குக்காரி, கையெழுத்தும் முத்துமுத்தாக இருக்கும். ‘காலை நன்றாக இருந்தார். மதியம் நன்றாகச் சாப்பிட்டார். இரவு நன்றாகத் தூங்கினார்’ என்று ஏழு நாளும் எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு ‘நன்றாக’வையும் அடித்துவிட்டுக் கேட்டார்: “ஜவுளிக்கடையில ‘இன்னைக்கு வியாபாரம் நல்லா இருந்துச்சு’ன்னு பேரேட்டில எழுதுவியா?”

எத்தனை இட்லி, எத்தனை டம்ளர் தண்ணீர், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், எந்தப் பக்கம் சாய்ந்து நடந்தார்: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்றார். அதற்கப்புறம்தான், இரண்டு இட்லி சாப்பிடும் ஓர் ஐயா மூன்று நாளாக அரை இட்லியோடு எழுந்துவிடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பார்த்தால் பல்செட் உரசி ஈறில் புண். அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை.

மாத்திரை விஷயத்தில் நானே ஒரு தப்புச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தில் ஒரே பெயரில் இரண்டு ஆச்சிகள். இந்தப் பக்கம் அது சகஜம், பாட்டி பெயரைத்தான் பேத்திக்கு வைப்பார்கள். ஒருவருக்குச் சர்க்கரை உண்டு, இன்னொருவருக்கு இல்லை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்து ‘சரி’யை மனப்பாடம் செய்து முடித்த அதே வாரம், சர்க்கரை மாத்திரையைச் சர்க்கரை இல்லாத ஆச்சியிடம் நீட்டிவிட்டேன். ஆச்சி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னுது வெள்ளைல்ல தாயி? இது பச்சையா இருக்கே.” எனக்கு வியர்த்துவிட்டது. அவர் மட்டும் பார்க்காமல் முழுங்கியிருந்தால், சாயங்காலம் மயங்கிக் கிடந்திருப்பார். யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஒரு ராத்திரி யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். மேட்ரன் அம்மா திட்டவில்லை, “மாத்திரை டப்பாவில என்ன எழுதியிருக்கு?” என்று மட்டும் கேட்டார். பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது.

இதற்கு வழி சொன்னவர் அந்த ஆச்சியேதான். “எங்க பாத்திரத்தில எல்லாம் பேரா வெட்டியிருக்கு? விலாசம்ல வெட்டியிருக்கு!” நகரத்தார், அதாவது இந்தப் பக்கத்துச் செட்டியார், வீடுகளில் குடும்பத்துக்குரிய முன்னெழுத்துகளை விலாசம் என்பார்கள். சீர் கொடுத்த பித்தளை, எவர்சில்வர் எதிலும் அது இருக்கும். கல்யாண வீட்டில் நூறு அண்டா ஒன்றாகக் கிடந்தாலும் யாருடையது எது என்று அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். இப்போது எங்கள் மருந்துப் பெட்டியில் போட்டோ, விலாசம், அதற்குக் கீழே பெயர்.

இந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பு, வளவு (நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம்), இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீடு. சுற்றுலா வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பாதுகாப்புப் பாடத்தின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதே வீட்டைச் சுற்றி வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்க மெருகேறும், ஈரம் பட்டால் கால் நிற்காது. கட்டுக்குக் கட்டு நிலைவாசல், ஒவ்வொன்றிலும் அரை அடி உயரத்தில் குறுக்குக் கட்டை. கழிப்பறை கடைசிக் கட்டில். எண்பத்தைந்து வயதுக்காரர் ராத்திரி ஒன்றுக்குப் போக மூன்று வாசல் தாண்ட வேண்டும்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். அரை அடிக் கட்டைக்கு ஆறு அடிச் சரிவு, அதுவும் இரண்டு பக்கமும். ஆசாரியிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். “பன்னெண்டு அடிக்குப் பலகை போட்டா வளவுல ஆள் எங்கம்மா நடக்கிறது? கட்டையை அறுத்துடவா?” பர்மாத் தேக்கு நிலை. அறக்கட்டளைக்காரர்கள் காதில் விழுந்திருந்தால் என்னை அறுத்திருப்பார்கள். கடைசியில் நிலையைத் தொடவில்லை, ஆட்களைத்தான் மாற்றினோம். நடக்கச் சிரமப்படுகிற ஒன்பது பேரையும் இரண்டாம் கட்டுக்குக் கொண்டு வந்து, பக்கத்துச் சாமான் அறையைக் கழிப்பறையாக்கி, கைப்பிடிக் கம்பி வைத்தோம். அவர்கள் தாண்ட வேண்டிய வாசல் பூஜை அறைக்குப் போகிற ஒன்றுதான், அங்கே மட்டும் சாய்தளம். ஈரத் துணியால் தரை துடைப்பதைக் காலை பத்து மணிக்கு மேல், எல்லோரும் உட்கார்ந்த பிறகு என்று மாற்றினேன். இதற்கு வேலைக்காரப் பெண்கள் இருவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. விடிந்ததும் துடைத்துக் கோலம் போடாத வீடு என்ன வீடு என்பது அவர்கள் கட்சி. பார்க்கப்போனால் எனக்கும் அதுதான், ஆனால் அந்தப் பின்கட்டு வழுக்கலை நான் பார்த்தவள்.

காகிதங்களைப் பற்றி நீட்டவில்லை. மாவட்ட சமூக நல அலுவலகப் பதிவு, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, சமையற்கட்டுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஒன்று வாங்கி முடிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும், ஆகவே ஒரு காலண்டரில் எல்லாவற்றின் கடைசித் தேதியையும் எழுதி மாட்டிவிடுங்கள். யாராவது இறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும்.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பரீட்சைக்காக வளவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்கிற இடத்தில் யாரும் திரும்பவில்லை. 23-ஆவது பிரிவு வந்தது: கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசி.” வாசித்தேன். “நிபந்தனை பத்திரத்தில இருக்கணுமா, வாயால சொன்னாப் போதுமா?” வக்கீலிடம் கேட்போம், தேவகோட்டையில் கோட்டாட்சியர் ஆபீஸுக்கு நானே கூட வருகிறேன் என்றேன். பேப்பரை நாலாக மடித்து வைத்தார். “பேரன் கல்யாணம் முடியட்டும்.” அதோடு சரி.

மறதி நோய்ப் பாடத்தில், பொழுது சாயும்போது சிலருக்குப் பதற்றம் கூடும் என்று படித்தோம். எங்கள் இல்லத்தில் அது ஆறு மணிக்கு மணியடித்தாற்போல் வரும். இளவயதில் பினாங்கில் வட்டிக்கடையில் இருந்த ஓர் ஐயா, விளக்கு வைத்ததும் எழுந்து கதவு கதவாகத் தட்டுவார். “கிட்டங்கிச் சாவி எங்க? ஐந்தொகை எடுக்கணும்.” கிட்டங்கி என்றால் அவர்கள் அங்கே கடை வைத்துத் தங்கியிருந்த இடம், ஐந்தொகை என்றால் வரவு செலவைச் சரிபார்த்து எடுக்கும் இருப்புக் கணக்கு. இது பினாங்கு இல்லை, உங்களுக்கு வயது தொண்ணூறு என்று ஆயா விளக்கிச் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறும். அவர் இருக்கிற உலகத்துக்குள் நீ போ என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஜவுளிக்கடைக் காலத்துப் பழைய பேரேடு ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, “ஐயா, பற்று வரவு டேலி ஆகலை, கொஞ்சம் பாருங்க” என்றேன். ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரலை வைத்து வரி வரியாகக் கூட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து, “நாலணா இடிக்குது. யார் எழுதினது?” என்றார். நான்தான் என்றேன். “கவனமா இரு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வந்தார். இப்போதும் தினம் ஆறு மணிக்கு அந்தப் பேரேடு வெளியே வரும், தினமும் நாலணா இடிக்கும்.

எழுத்துப் பரீட்சை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உண்மையான பரீட்சை மார்கழியில், சான்றிதழ் கைக்கு வந்த அடுத்த மாதம் வந்தது.

பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக எண்ணி 21 நூலிழையைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். நகரத்தார் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் இதை விடமாட்டார்கள். எங்கள் இல்லத்தில் மூத்த ஆச்சிக்கு ஆடி மாதம் இடப்பக்கம் பக்கவாதம் வந்திருந்தது. தண்ணீர் குடித்தாலே புரையேறும். கஞ்சிப் பதத்தில்தான் எல்லாமே. நிமிர்த்தி உட்கார வைத்து, கொடுத்து முடித்தபின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் பார்க்க வேண்டும். அவர் கார்த்திகையன்றே என்னைக் கூப்பிட்டு, “எண்ண ஆரம்பிச்சுட்டேன்” என்றார்.

படித்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால் முடியாது என்பதுதான் பதில். ஒட்டுகிற மாவு, நூல், நெருப்பு, விழுங்க முடியாத தொண்டை. ‘முடியாது ஆச்சி’ என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்துவிடும். மேட்ரன் அம்மாவுக்குப் போன் செய்தேன். டாக்டரைக் கேள், பிள்ளையைக் கேள், முதலில் ஆச்சியைக் கேள் என்றார். மூன்று பேரையும் கேட்டேன். டாக்டர் நூல் கூடாது, கட்டி மாவு கூடாது, ஒரு ஸ்பூனுக்கு மேல் கூடாது என்றார். சிங்கப்பூரில் இருக்கும் மகன், “எங்க ஆத்தா கேக்குறதைச் செய்யுங்க, ஆனா பாத்துச் செய்யுங்க” என்றார். ஆச்சி ஒரு நாள் பூராவும் யோசித்தார். “பெரியவங்கதானே எடுத்துக் குடுக்கணும். எல்லாருக்கும் நான் எடுத்துக் குடுக்கிறேன், வலது கை நல்லாத்தானே இருக்கு. எனக்குச் சுடரைக் கண்ணுல காட்டிட்டு அமத்திடு. மாவைக் கரைச்சுக் குடு.”

அன்று சாயங்காலம் ஆக்ஸிஜன் வைத்திருந்த ஐயாவை முகப்பு அறையிலேயே இருத்தி, கூட ஓர் ஆளைப் போட்டேன். நைலக்ஸ் புடவை, சால்வை எல்லாம் மாற்றி எல்லோருக்கும் பருத்தி. ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். ஆச்சியைச் சக்கர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அந்த ஒரே சாய்தளத்தின் வழியாகப் பூஜை அறைக்குக் கொண்டுபோனோம். பதினொரு பேர் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சுடரை வைக்கும்போது ஆச்சியின் விரல் நடுங்கவே இல்லை, எனக்குத்தான் நடுங்கியது. கடைசியில் அவருடைய இழை. சுடரை முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை அசைத்தார். அணைத்து, நூலை எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை மாவைக் கஞ்சிப் பதத்தில் கரைத்து, முகவாயைத் தாழ்த்தச் சொல்லி, கால் கால் ஸ்பூனாக நாலு தடவை கொடுத்தேன்.

அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பதிவேட்டை எடுத்து எழுதினேன்:

‘மாலை 6.50. இழை எடுத்துக்கொண்டார். கரைத்த மாவு ஒரு ஸ்பூன், நாலு வாய். இருமல் இல்லை. குரல் தெளிவு. 7.20 வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் வெல்லம் கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.’