இருப்பதைப் பார்த்துவிட்டுப் போ

வேறு கம்பெனியின் ஆஃபர் லெட்டரோடு என் மேசைக்கு வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. ஹெச்ஆரில் இத்தனை வருடம் இருந்தும் வரவில்லை. எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: போவது உன் விருப்பம், ஆனால் இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் போ. நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் சிஎன்சி மெஷினை ஓட்டும் எங்கள் ஆபரேட்டர் ஒருவன் கேட்ட கேள்விக்குப் பிறகு அதை நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.

அவனுக்கு வீடு கொரட்டூர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சைக்கிளில் வந்துவிடுவான். ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனி, சிடிசி, அதாவது அவனுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, வருடத்துக்கு 3,60,000. வீட்டில் மாதம் முப்பதாயிரம் என்று சொல்லியாகிவிட்டது. எங்களிடம் அவன் கிராஸ், அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம், 19,800.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். அந்த முப்பதாயிரத்தில் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, பணிக்கொடையான கிராஜுவிட்டி 722, இன்ஷூரன்ஸ் 500, ஒரு நாள் லீவு போட்டாலும் கிடைக்காத அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் 2,000. மிச்சம் 24,978. அதில் அவன் பங்கு பிஎஃப் போனால் கைக்கு 23,178. இங்கே பிஎஃப் 1,440, தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ 149 போக 18,211. பத்தாயிரம் கூட என்று நினைத்து வந்தவனுக்கு வித்தியாசம் ஐயாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அப்புறம் முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். ஈஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு 21,000, அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. அதை 15,000-லிருந்து உயர்த்தியது 2017 ஜனவரியில். அதன் பிறகு அரிசியும் வாடகையும் ஏறின, அவன் வந்து நின்ற அன்றைக்கும் வரம்பு அங்கேயேதான் நின்றது. புது வேலையில் அவன் அதற்கு மேலே போய்விடுவான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். மாத்திரை, ரத்தப் பரிசோதனை எதற்கும் காசு இல்லை. அவனே படுத்துவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை எழுபது சதவீதச் சம்பளம் வரும். புது கம்பெனி இன்ஷூரன்ஸில் மனைவி, குழந்தைகள் மட்டும்தான், பெற்றோர் கிடையாது. லெட்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை விரலை வைத்துக் காட்டினேன்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "போன ஏப்ரல்ல இன்கிரிமென்ட் கேட்டப்பவும் இதே ஈஎஸ்ஐயைத்தானே சார் சொன்னீங்க?" என்றான்.

ஆமாம், சொன்னேன். 21,000-ஐத் தாண்டினால் அம்மாவின் வைத்தியம் நின்றுவிடும், உள்ளேயே இருப்பதுதான் உனக்கு நல்லது என்றேன். அப்போதும் அது உண்மை, இப்போதும் உண்மை என்று பதில் சொன்னேன்.

"உண்மைதான் சார், நான் இல்லன்னு சொல்லல. எனக்கு இங்க என்ன இருக்குன்னு கரெக்டா எழுதிட்டீங்க. நான் இருக்கறதால கம்பெனிக்கு என்ன இருக்குன்னு யாராவது எழுதிப் பாத்தீங்களா?"

குரல் உயரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அந்தப் பேச்சை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். என் கணக்கில் தப்பு இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் முதல் சம்பளம் வந்த அன்று ஏமாந்திருப்பான். அம்மா விஷயத்தை யோசிக்காமலே போயிருப்பான். சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் ஒரே உண்மையை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், இரண்டு முறையும் அது கம்பெனிக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. பிஎஃப்பில் கம்பெனி போடும் பணம் கடைசியில் அவன் பணம்தானே? கைக்கு வராது என்ற அர்த்தத்தில் அதைக் கழித்தேன். கணக்குப்படி சரி. இருந்தாலும் பேனா அவ்வளவு சுலபமாக அந்தப் பக்கம் போனது ஏன் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவன் கேட்ட இன்னொரு கணக்கை அவன் போன பிறகு ஷாப் ஃப்ளோரே போட்டுக் காட்டியது. எங்கள் பழைய டர்னிங் மெஷின் காலையில் சூடேறும்வரை, கடையும் துளையின் (போர்) அளவு சில மைக்ரான் நகரும். எத்தனை பீஸுக்கு ஒருமுறை மெஷினில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஆஃப்செட்டைத் திருத்த வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. டீ பிரேக்கில் மெஷின் ஆறிவிடும் என்பதற்காக, திரும்பி வந்ததும் முதல் பீஸை அளவுக் கருவியான கேஜ் போட்டுப் பார்க்காமல் அடுத்ததை ஏற்ற மாட்டான். இது எந்த ப்ராசஸ் ஷீட்டிலும் இல்லை. அவன் இடத்துக்கு வந்தவர் நல்ல வேலைக்காரர்தான், ஆனாலும் காலை ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் கூடியது. ஒருநாள் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் என்னிடம், "அவனுக்கு அன்னைக்கே ஆயிரம் ரூபா சேத்துப் போட்டிருக்கலாம் சார்" என்றார். ஆயிரம் சேர்த்தாலும் 20,800தான், வரம்புக்கு உள்ளேதான். அந்தக் கூட்டலை அவர் சொன்ன பிறகுதான் மனதுக்குள் போட்டேன்.

இருந்தாலும் ஆயிரத்துக்கு அவன் நின்றிருப்பானா, தெரியாது. கல்யாணம் ஆகவேண்டிய பையன், பெரிய கம்பெனி ஐடி கார்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. போனது அவனுக்கு நல்லதாகவே இருக்கலாம். பிஎஃப் டிரான்ஸ்ஃபருக்காக ஒருமுறை போன் செய்தான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "மாத்திரை வெளியில வாங்கறோம் சார், சமாளிக்கலாம்" என்றான். அதை எந்தப் பக்கம் எழுதுவது?

போன மாதம் குவாலிட்டியில் இருக்கும் ஒரு பெண் ஆஃபர் லெட்டரோடு வந்தாள். நாளைக்கு வாம்மா என்று அனுப்பிவிட்டு, முதலில் மேனேஜரிடம் போய், இவள் போனால் நமக்கு என்னென்ன போகும் என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, ஏப்ரலில் பார்க்கலாம் என்றார். மறுநாள் வழக்கம்போல் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். மேனேஜர் சொன்னதையும் அப்படியே அவளிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் பதில் சொல்லவில்லை.