டம்போ பார்த்த ஜனவரி

16 ஜனவரி 2021, சனி

டொராண்டோவில் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. வெளியே பனி, உள்ளே ஆறு வயது மகள், சரி, இன்றைக்கு டிஸ்னி ப்ளஸில் டம்போ போடலாம் என்று உட்கார்ந்தோம், பெரிய காதுள்ள யானைக்குட்டி பறக்கும் டிஸ்னி கார்ட்டூன். மதுரையில் நான் அவள் வயதில் இருந்தபோது சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த கேசட்டில் அதைத் தேயத் தேயப் பார்த்திருக்கிறேன். அடைத்து வைத்த தாய் யானை கம்பிக்கு வெளியே தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டும் இடத்தில் இன்றும் அழுதேன், அவளும் அழுதாள்.

படம் தொடங்குமுன் 12 விநாடி ஒரு அறிவிப்பு வந்தது, தள்ளிவிட முடியாது. சில மக்களைத் தவறாகக் காட்டியிருக்கிறோம், அது அன்றும் தவறு, இன்றும் தவறு என்று சொல்கிறது. போன அக்டோபரில் இப்படி மாற்றினார்கள். படத்தில் கறுப்பினத்தவர் பாணியில் பேசும் காகங்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காகம் வருவதற்கு வெகுநேரம் முன்பே, கொட்டும் மழையில் ராத்திரியோடு ராத்திரியாக சர்க்கஸ் கூடாரம் போடும் காட்சி வருகிறதே, அங்கே மகள் கேட்டாள்: "அம்மா, இவங்களுக்கு ஏன் கண்ணு மூக்கு எதுவுமே இல்ல?"

நிறுத்திப் பார்த்தேன். இல்லைதான். ஆப்பு அடிக்கிறவர்கள், கயிறு இழுக்கிறவர்கள் எல்லாரும் கறுப்பின ஆண்கள், தோளும் முதுகும் அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பழுப்பு நிறம். அடுத்த ஃப்ரேம், அதற்கடுத்த ஃப்ரேம் என்று தள்ளித் தள்ளித் தேடினோம், ஒன்றிலும் இல்லை. பக்கத்திலேயே ஆப்பு அடிக்கும் யானைகளுக்கு இமை முடி வரைக்கும் இருக்கிறது.

17 ஜனவரி, ஞாயிறு

தூக்கம் வராமல் கூடாரம் போடும் காட்சியில் வரும் பாட்டை மட்டும் திரும்பக் கேட்டேன். நாங்கள் படிக்க எழுதக் கற்றதில்லை, சாகும்வரை உழைக்கிறோம், சந்தோஷமாக இருக்கிறோம், கூலி வந்தால் வீசி எறிந்துவிடுவோம் என்று அந்த ஆட்களே பாடுகிறார்கள். சிறுவயதில் எனக்கு இங்கிலீஷ் புரியாது, தாளம் மட்டும் பிடிக்கும், சோற்றுத் தட்டில் கரண்டியால் அதைத் தட்டியிருக்கிறேன்.

காகங்கள் விஷயம் இவ்வளவு நேர் இல்லை. படம் வெளிவந்தது 1941. தலைவன் காகத்துக்குத் தயாரிப்பின்போது வைத்த பெயர் ஜிம் க்ரோ. அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிக் குழாய் என்று ஒதுக்கி வைத்த சட்டங்களின் பெயரும் அதுதான், அந்தச் சட்டங்கள் அப்போது அமலில் இருந்தன. அந்தக் காகத்துக்குக் குரல் ஒரு வெள்ளையர், க்ளிஃப் எட்வர்ட்ஸ். மற்ற காகங்களுக்கு ஹால் ஜான்சன் பாடகர் குழுவின் கறுப்பினக் கலைஞர்கள். ஆனாலும் அந்தக் காகங்கள்தான் முதலில் கேலி பண்ணிவிட்டு, குட்டியின் தோழனான எலி திட்டியதும் மனம் இளகி, இறகைக் கொடுத்துக் குட்டியைப் பறக்க வைக்கின்றன. அவற்றுக்கு மூளை உண்டு, வாய் உண்டு, அவ்வளவு அழகாகப் பாடுகின்றன. 2019-இல் மறுபடி எடுத்த படத்தில் காகங்களையே எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாடகர்களின் குரலும் சேர்ந்தே போய்விட்டது.

என்னை உறுத்துவது முகமில்லாத அந்த ஆட்கள்தான். முப்பது வருஷம் என் கண்ணில் படவே இல்லை. நான் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

30 ஜனவரி, சனி

மகள் தன் டிஸ்னி ப்ளஸ் கணக்கில் டம்போவைத் தேடினாள், காணோம். ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கணக்கிலிருந்து டம்போ, பீட்டர் பான், அரிஸ்டோகேட்ஸ் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள், பெரியவர் கணக்கில் இருக்கிறது. இது எனக்குச் சரியென்றே படுகிறது. அதற்குக் கீழ் வயதுப் பிள்ளை தனியாகப் பார்க்கவேண்டாம், பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். இதே கம்பெனி 1946-இல் எடுத்த, கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கண்டிக்கப்பட்ட சாங் ஆஃப் த சவுத் படத்தை அமெரிக்காவில் கேசட்டாகவோ டிவிடியாகவோ விட்டதே இல்லை. அதில் கதை சொல்லும் கிழவர் அங்கிள் ரீமஸாக நடித்த கறுப்பின நடிகர் ஜேம்ஸ் பாஸ்கெட்டுக்கு 1948-இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள், அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு மட்டும் அவரால் போகமுடியவில்லை, ஊர் முழுக்க நிறப் பிரிவினை. இதையெல்லாம் என் மகள் பெரியவளானதும் தெரிந்துகொள்ள வேண்டும், பூட்டி வைத்தால் எப்படித் தெரியும்?

31 ஜனவரி, ஞாயிறு

என் கணக்கிலேயே அரிஸ்டோகேட்ஸ் பார்த்தோம், 1970 படம். ஒரு சியாமீஸ் பூனை, பல் துருத்திக்கொண்டு, கண்ணைக் கோடாக இடுக்கி, சாப்ஸ்டிக்கால் பியானோ வாசித்துக்கொண்டே சீன உச்சரிப்பில் உளறும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், அவள் வகுப்பில் சாப்ஸ்டிக்கில் நூடுல்ஸ் சாப்பிடும் பையன் ஒருவன் இருக்கிறான், "அவன் பார்த்தா அவனும் சிரிப்பான்ல?" என்றாள்.

இங்கே வந்த முதல் வருஷம் ஒரு கடையில் நான் பேசிய இங்கிலீஷை, தலையை ஆட்டி ஆட்டி, என் முன்னாலேயே ஒருவர் பேசிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதை அவளிடம் சொன்னேன், இதுவரை சொன்னதில்லை.

"நீ சிரிச்சியா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அந்தப் பூனைக்குப் பேசியது யார் என்று கேட்டாள். பால் வின்செல் என்ற வெள்ளைக்காரர், வின்னி த பூ கார்ட்டூனில் வரும் புலி, உன் டிக்கருக்கும் அவர்தான் குரல் என்றேன். தலையணையில் கிடந்த டிக்கர் பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "டிக்கரா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.