வயசான நாய்க்குக் கழிச்சல் வந்தால் என்ன கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்த வீட்டில் திங்கட்கிழமை காலையில் நாய் வாந்தியெடுப்பது நம்ம பக்கம் வாடிக்கை. நோம்பி, கிடாவெட்டு என்று ஒரம்பரை கூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். இலையில் மிஞ்சும் கொழுப்பு, எலும்பு, குழம்புச்சோறு எல்லாம் நாய்க்குத்தான் போகும். இரண்டு வயது நாய் பெரும்பாலும் ஒரு நாள் சுருண்டு படுத்துவிட்டுத் தேறிவிடும். எட்டு, பத்து வயதைத் தாண்டிய நாய்க்கு அதே கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கலாம். கணையத்தின் செரிமான நீரே கணையத்தை அரிக்கத் தொடங்கும். முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால், வயிற்றைத் தொட விடாவிட்டால், அது சாதாரண அஜீரணம் அல்ல. கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குழம்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. விளைவு சில நாள் கழித்தே தெரியும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். வெங்காயமும் பூண்டும் போட்டுச் செய்யும் அரிசிம்பருப்புச் சாதம் எவ்வளவு குழைந்திருந்தாலும் நாய்க்கு ஆகாது என்பது இதனால்தான்.

கழிச்சல் இருந்தும் நாய் தெளிவாக நடமாடி, தண்ணீர் குடித்து, அது உள்ளே தங்கினால் வீட்டில் ஒரு நாள் பார்க்கலாம். வாந்தியும் இருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம் சோறு வேண்டாம். நாள் முழுக்கப் பட்டினி போடாதீர்கள். வயசான உடம்பில் சதை சீக்கிரம் கரையும், எளிதில் திரும்ப ஏறாது. இன்சுலின் போடும் நாயைப் பட்டினி போடவே கூடாது, உடனே மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீரைக் குண்டா நிறைய வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கும். 10 கிலோ நாய்க்கு அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு, மூன்று மேசைக்கரண்டி போதும்.

பிறகு சோறு. அரிசியைக் குழைய வேகவையுங்கள். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, கறியை உதிர்த்துக் கலக்குங்கள். உப்பு, எண்ணெய், மசால் எதுவும் வேண்டாம். 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சோறு 200 கிராம், வெந்த கறி 100 கிராம். முதல் நாள் இதில் பாதி போதும். நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். 20 கிலோ நாய்க்கு இரண்டு மடங்கு தேவையில்லை: சோறு 300, கறி 160 என்று வைத்தாலே சரியாக இருக்கும்.

அரசாணிக்காயை (பரங்கிக்காயை) தோலும் விதையும் நீக்கி, வேகவைத்து மசித்து, வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கிச் சளியோடு போகும் பெருங்குடல் கழிச்சலுக்கு அது நன்றாகக் கேட்கும். கம்மங்கூழும் ராகிக்களியும் வயிறு தேறும் வரை வேண்டாம், அந்த நார்ச்சத்து இப்போது பாரம். பால் கூடவே கூடாது; வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால்சர்க்கரை செரிக்காமல் கழிச்சலை இன்னும் கூட்டும்.

உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கப் பிடரித்தோலை இழுத்துவிட்டுப் பார்ப்பார்கள். வயசான நாய்க்குத் தோலே தளர்ந்திருப்பதால் அதை நம்ப முடியாது. ஈறைத் தொடுங்கள்: வழுவழுவென்று ஈரமாக இருந்தால் நல்லது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலையாக இருக்கலாம்.

தார் போலக் கறுத்த மலம், நிற்காத வாந்தி, ரத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு ஆழமான ராஜபாளையம் மாதிரி நாய்கள் வயிறு உப்பி, ஒன்றும் வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். கருத்தடை செய்யாத பெட்டை, சூட்டுக்கு வந்து ஓரிரு மாதத்துக்குள் வாந்தியெடுத்து நிறையத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும்.

மூட்டுவலிக்கு மெலாக்சிகாம் கொடுத்து வருகிறீர்களா? அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், அது இரைப்பையைப் புண்ணாக்கும். நமக்கு வாங்கிய பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், பேதி மாத்திரை எதையும் உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள்.

மலம் கெட்டியான பிறகு ஒரு வாரத்தில் பழைய உணவுக்கு மாற்றுங்கள்: முதலில் கால் பங்கு, பிறகு அரை, பிறகு முக்கால். கோழியும் சோறும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து போதாது.

தேறிய பிறகும் மாதாமாதம் இதே தொல்லை வந்தால் குற்றம் சோற்றில் மட்டும் இருக்காது. சிறுநீரகமோ கல்லீரலோ காரணமாகலாம். நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். போகும்போது அன்று காலை எடுத்த மலத்தைச் சுத்தமான டப்பாவிலும், கொடுத்துவரும் மாத்திரை அட்டைகளைப் பையிலும் கொண்டுபோங்கள்.