சிப்பர் வாங்குனதும் ரேட் போட கத்துக்கிட்டதும்

ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், ராத்திரி வந்து மரம் வெட்டுற ரம்பத்து செயினுக்கு அரம் போட்டு முடிக்கிறதுக்குள்ள கை விட்டுடும், அப்பறம் எங்க டைப் பண்றது. இன்னிக்கு நல்ல மழை, சைட்டு இல்ல, உக்காந்துட்டேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரில சொல்லிடுறேன். மரம் வெட்டுறது, கிளை கழிக்கிறது, வேலி போடுறது, இதான் நம்ம தொழில். நானும் மச்சானும் சைட்டு பாக்குறோம், அக்கா கணக்கு. ஆரம்பத்துல எங்ககிட்ட இருந்தது ரெண்டு செயின் சா, ஏணி, கயிறு, கடப்பாரை, ஒரு ஓட்டை வண்டி, அவ்ளோதான். வெட்டுறது அரை நாள்னா வெட்டுன தழையை ஏத்தி கொண்டு போய் கொட்டுறது இன்னொரு அரை நாள். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கல்ல, எங்க பொழப்பு அப்டியே அதான். லோடு பாத்தா மலை மாதிரி நிக்கும், ஆனா உள்ள பாதி வெறும் காத்து, கிளை ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும்.

அப்ப தான் மச்சான் ஆரம்பிச்சான், "மாப்ள, ஒரு சிப்பர் மட்டும் இருந்துச்சுன்னா நாம எங்கயோ போயிடுவோம்டா"ன்னு. தழையை உள்ள விட்டா தூளா வந்து வண்டில விழும், நாலஞ்சு லோடு ஒரு லோடுல அடங்கிடும். அவன் சொன்னது தப்பு இல்ல. எதை வாங்குனோம்ங்கிறது தான் தப்பு. வீடியோல 12 இன்ச் கட்டையை அது அப்டியே முழுங்குறத பாத்து வாயை பொளந்துட்டு, லோன் போட்டு புது மெஷின், அதுலயும் பெரிய சைஸா எடுத்துட்டோம். யோசிச்சு பாத்தா எங்க வேலைல சிப்பருக்குள்ள போறது எல்லாமே கை மொத்தம், அதிகம் போனா தொடை மொத்தம். அதுக்கு மேல மொத்தமான கட்டையை யாரு தூளாக்குவா? விறகுக்கோ பலகைக்கோ யாராச்சும் கேட்டு வாங்கிட்டு போயிடுவாங்க. 6 இன்ச் மெஷின் தாராளமா போதும்.

வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. அக்கா நோட்டோட வந்து உக்காந்துச்சு. "தம்பி, அந்த மெஷின் இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓடுச்சு?" எனக்கு வந்த கோவம் இருக்கே, தெனமும் தான ஓடுதுன்னு சொன்னேன். போய் ஹவர் மீட்டர் பாத்துட்டு வாடான்னுச்சு. பாத்தா 164. வாங்குறப்ப நான் போட்ட கணக்கு வருஷத்துக்கு 500 மணி நேரம், எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா சொல்ல தெரியாது, ரவுண்டா இருந்துச்சு, போட்டுட்டேன்.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பாருங்க, ஏன்னா எங்க தொழில்ல பாதி பேரு விழுறது இங்க தான். மெஷின் விலை 100னு வச்சுக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா 30 வரும்னா 70 கரைஞ்சு போச்சு, வருஷத்துக்கு 14. வட்டி, இன்சூரன்ஸ், ஷெட்டு எல்லாம் சேத்து இன்னொரு 6. ஆக மெஷின் ஓடுனாலும் ஓடலைன்னாலும் வருஷத்துக்கு 20 போயிட்டே இருக்கு. அந்த 20ஐ 500 மணி நேரத்துக்கு பங்கு போட்டா மணிக்கு 0.04. 164க்கு போட்டா 0.12. மூணு மடங்கு! நான் ஒரு வருஷம் பூரா கொட்டேஷன்ல போட்டது 0.04 கணக்கு. டீசல், பிளேடு, பெல்ட், கிரீஸ் எல்லாம் இதுக்கு மேல தனி. அக்கா சிரிக்க கூட இல்ல, "இது மெஷின் இல்லடா, ஷெட்ல கட்டி வச்ச யானை"ன்னு சொல்லிட்டு நோட்டை மூடிட்டு போயிடுச்சு.

பிளேடுன்னதும் ஞாபகம் வருது. வேலி ஓரம் நிக்கிற மரத்துல முன்ன யாரோ முள்கம்பியை ஆணி அடிச்சு கட்டியிருப்பாங்க, மரம் பெருத்து பெருத்து கம்பியை உள்ள இழுத்து பட்டையால மூடிடும். வெளிய ஒரு சின்ன கோடு மாதிரி தழும்பு தெரியும், அவ்ளோதான். அப்டி ஒரு கிளையை மச்சான் உள்ள விட்டான் பாருங்க, எப்பவும் ஊஊன்னு போற சத்தம் திடீர்னு டிர்ரக்னு மாறுச்சு, ஆஃப் பண்ணி எல்லாம் நின்னப்பறம் தொறந்து பாத்தா பிளேடு ரெண்டுலயும் பல்லு விழுந்த மாதிரி பொக்கை. நாங்களே வேலி போடுறவங்க, மரத்துல கம்பி கட்டாதீங்க, தனி போஸ்ட் போட்டுக்கலாம்னு ஊருக்கெல்லாம் சொல்றவங்க, எங்களுக்கே இது. இப்ப வேலி ஓரத்து மரம்னாலே கீழ் ஆறடிக்கு தட்டி தடவி பாத்துட்டு தான் கைய வைக்கிறது, ரேட்லயும் ஒரு பிளேடு தேய்மானம் சேத்துடுறது.

செயின் விஷயமும் இதே தான். மொக்கை செயின் தூள் தூளா மாவு மாதிரி துப்பும், கூர் இருந்தா சீவல் சீவலா விழும், அத பாத்தே சொல்லிடலாம். (சைடுல ஒரு தகவல்: இன்னிக்கு நாம ஓட்டுற செயினோட பல்லு வடிவமே ஒரு புழு கிட்ட இருந்து வந்தது. 1946ல அமெரிக்கால ஜோசப் காக்ஸ்னு மரம் வெட்டுற ஒருத்தர், மரத்தை தின்னுற வண்டோட புழு தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி கடிச்சிட்டே போறத பாத்து தான் அந்த செயினை செஞ்சாரு.) நடுவுல பெட்ரோல் ஊத்துறது, அரம் போடுறது, கயிறு மாத்துறது, போற வர நேரம் எல்லாம் கழிச்சா 8 மணி நேர நாள்ல நெஜமா வெட்டுறது அஞ்சு மணி நேரம் வந்தா பெருசு. கூலி மட்டும் எட்டுக்கும் தான்.

சரி, மரத்துக்கு எப்டி ரேட் போடுறது. போன்ல கேக்குறவங்க எல்லாரும் "எத்தனை அடி மரம்னா எவ்ளோ"ன்னு தான் கேப்பாங்க. உயரத்தை வச்சு என்னத்த சொல்றது? வெட்ட வெளில நிக்கிற 60 அடி மரத்தை ஒரே வெட்டுல சாய்ச்சிடலாம், கூரைக்கு மேல சாஞ்சிருக்குற 25 அடி மரத்தை துண்டு துண்டா கயித்துல கட்டி எறக்கணும். பட்டுப்போன மரம்னா ஏறவே பயம், ஆளை மேல தூக்குற லிஃப்ட் வண்டி வாடகைக்கு எடுக்கணும். கரண்டு கம்பி பக்கத்துல போச்சுன்னா லைனை ஆஃப் பண்ண வைக்காம நாங்க தொடவே மாட்டோம், அந்த காத்திருப்புக்கும் கூலி ஓடும்.

அப்பறம் எடை. பச்சை மரம் ஒரு கியூபிக் மீட்டர் 800ல இருந்து 1000 கிலோ வரைக்கும் சர்வசாதாரணமா வரும். 60 சென்டிமீட்டர் குறுக்களவு, 3 மீட்டர் நீளம்னா பாக்க ஒரு துண்டு தான், ஆனா கணக்கு போட்டா 0.85 கியூபிக் மீட்டர், முக்கா டன்னு பக்கம். குறுக்களவு ரெண்டு மடங்கானா எடை நாலு மடங்கு. கண்ணு இத நம்பாது, அதனால நான் எப்பவுமே டேப் சுத்தி பாத்துட்டு தான் வாயை தொறக்குறது.

டேப்னு பெருமையா சொல்றேன், அதே டேப்பை ஒரு தடவை கேட்டுக்கு பிடிக்காம விட்டேன். வீட்டுக்கு பின்னாடி ரெண்டு மரம், அடிக்கட்டையையும் அரைச்சு எடுக்கணும். ரோட்டுல நின்னே பாத்துட்டு ரேட் சொல்லிட்டேன். மறுநாள் வாடகைக்கு ஸ்டம்ப் கிரைண்டர் எடுத்துட்டு போனா சைடு கேட் 80 சென்டிமீட்டர், மெஷின் 90. பத்து சென்டிமீட்டருக்காக நாலு பேரு ரெண்டு நாள் கோடாலி கடப்பாரையோட வேர் தோண்டுனோம், தழை எல்லாம் கைல தூக்கிட்டு அந்த சந்துல நடந்தோம். அந்த வேலைல மிஞ்சுனது முதுகு வலி தான்.

வேலில வேற மாதிரி மாட்டுவோம். 100 மீட்டர் வேலி, ரெண்டரை மீட்டருக்கு ஒரு போஸ்ட்னா எத்தனை? 40னு தான் டக்குனு வாய்ல வரும். 41. கடைசில ஒண்ணு நிக்கணும்ல. மூலைக்கு மூலை சப்போர்ட் போஸ்ட் வேற, கேட்டுக்கு ரெண்டு பக்கமும் கனமான போஸ்ட் வேற. குழி 30 சென்டிமீட்டர் அகலம் 60 ஆழம்னு வச்சா போஸ்ட் எடம் போக 41 குழிக்கும் சேத்து காங்கிரீட் ஒன்றரை கியூபிக் மீட்டர் வரும், எடைல மூணரை டன்னு. அதை வண்டி போகாத எடத்துக்கு பக்கெட்ல தூக்கணும்னா அதுக்கு யாரு ரேட் போட்டா?

குழி போடுற ஆகர் மெஷின் நல்ல மண்ணுல வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும், ரெண்டு நிமிஷத்துல ஒரு குழி. பாறை தட்டுச்சுன்னா துள்ளும், பிடிச்சிருக்கறவன் மணிக்கட்டையே திருப்பிடும், பெரிய மெஷின்னா ஷியர் பின் ஒடையும். அது ஒடையுறதுக்குன்னே வச்ச பின்னு, கியர்பாக்ஸை காப்பாத்த, அதனால பையில பத்து வச்சுக்கணும். எங்க கொட்டேஷன்ல இப்ப கண்டிப்பா இருக்குற வரிகள்: பாறை வந்தா தனி ரேட், பூமிக்கடியில பைப்பு வயரு எங்க போகுதுன்னு ஓனர் காட்டணும், எல்லையை ஓனர் தான் அளந்து கயிறு கட்டி தரணும். கடைசி வரி ரொம்ப முக்கியம், அரை அடி தள்ளி போட்ட வேலியை பக்கத்து நெலத்துக்காரர் முன்னாடி நின்னு பிடுங்கிப் பாத்தா தெரியும்.

லாபம் போடுறதுலயும் ரொம்ப நாள் முட்டாளா இருந்தேன். செலவு 100, அதுமேல 25 வச்சு 125 சொல்லிட்டு 25 பர்சென்ட் லாபம்னு நெனச்சிட்டு இருந்தேன். 125ல 25ங்கிறது 20 பர்சென்ட் தான். நெஜமாவே 25 நிக்கணும்னா 100ஐ 0.75ஆல வகுக்கணும், 133 வரும். இதுல கஸ்டமர் கடைசி நேரத்துல "ஒரு 10 பர்சென்ட் பாத்து கொறைங்க தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாரு. 125ல பன்னண்டரை போச்சுன்னா லாபத்துல சரி பாதி போச்சு, அந்த பணத்தை பாக்க இதே மாதிரி இன்னொரு வேலை முழுசா செய்யணும். இப்பல்லாம் ரேட்டை கொறைக்குறது இல்ல, வேலையை கொறைக்குறேன். அடிக்கட்டையை விட்டுடவா, தழையை நீங்களே வச்சுக்குறீங்களா, அப்டின்னா கொறையும்.

அந்த பெரிய சிப்பரை போன வருஷம் நஷ்டத்துக்கு தள்ளிட்டு செகண்ட் ஹேண்ட்ல 6 இன்ச் ஒண்ணு எடுத்தோம். பழசு வாங்க போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: போனதும் மொதல்ல இன்ஜின் மேல கைய வச்சு பாருங்க. சூடா இருந்துச்சுன்னா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, ஆறுனப்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிற மெஷினா இருக்கலாம், ஆறட்டும்னு சொல்லி காத்திருங்க. ஸ்டார்ட் பண்ணி நீலப் புகை விட்டுட்டே இருந்தா ஆயில் எரியுது, நடையை கட்டுங்க. ஆஃப்ல இருக்குறப்ப, சாவி உங்க பாக்கெட்ல இருக்குறப்ப, பிளேடு மாட்டியிருக்குற டிரம்மை ஆட்டி பேரிங் லொடலொடங்குதான்னு பாருங்க. ஹவர் மீட்டர் 400 காட்டுது, ஆனா லீவர் கைப்பிடி வழுவழுன்னு தேஞ்சிருக்குன்னா நான் கைப்பிடியை தான் நம்புவேன்.

இப்ப மச்சானுக்கு அடுத்த ஆசை, சொந்தமா ஒரு ஸ்டம்ப் கிரைண்டர். அக்கா வருஷ செலவை ஒரு நாள் வாடகையால வகுத்து 45ன்னு நோட்ல எழுதி கோடு போட்டு வச்சிருக்கு, வருஷத்துல 45 நாளுக்கு மேல வாடகைக்கு எடுத்தா தான் வாங்குறத பத்தி பேசவே செய்யணும்னு. இந்த வருஷம் இதுவரைக்கும் 31. மச்சான் தெனம் காலைல வந்ததும் மொதல்ல அந்த நோட்டை தான் பாக்குறான்.