பைதான் இன்ஸ்டால் ஆகியும் கமாண்ட் ப்ராம்ப்டில் வரவில்லையா? ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள்

கோடிங் மொழியான பைதான் இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று திரையே சொன்ன பிறகும், கமாண்ட் அடிக்கும் கறுப்பு விண்டோவான கமாண்ட் ப்ராம்ப்டில் (சுருக்கமாக சிஎம்டி) பைதான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து நிற்கிறதா? யார் சொன்னாலும் லேப்டாப்பை ஃபார்மேட் மட்டும் அடிக்காதீர்கள். என்னிடம் அதைத்தான் சொன்னார்கள்.

நான் பி.காம். கோடிங் படிக்க நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். ஃபீஸ், ரசீது எல்லாம் நிமிடத்தில் முடிந்தது. முதல் வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸில் எல்எஸ், டச், ஆர்எம் என்று வரிசையாகக் கமாண்டுகள். எல்லாம் லினக்ஸுக்கும் மேக்குக்கும் உள்ளவை. எங்கள் பேட்சில் இருப்பதோ விண்டோஸ். கமாண்ட் ப்ராம்ப்டில் எல்எஸ் அடித்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்கிறது. அங்கே டிர் என்று அடிக்க வேண்டும். இதை நோட்ஸில் ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டோர் விஷயத்தைச் சாரிடம் கேட்டேன். திரையை எட்டிக்கூடப் பார்க்காமல், "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும்மா, ஃபார்மேட் அடிச்சிட்டு கொண்டு வா" என்றார். மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை காட்டிப் பார்க்கலாம் என்று, இடவப்பாதி மழையில் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு கருங்கலிலிருந்து பஸ் ஏறினேன். சார் லீவு. "போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்லா" என்றார் ஆபீஸ் அக்கா. அந்த போனை எடுப்பதே இல்லை என்பது வேறு கதை.

கடைசியில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் சித்தி மகன் அண்ணனைப் போனில் பிடித்தேன். "வேர் (where) பைதான்னு அடிச்சுப் பாரு, அது எங்க இருக்குன்னு காட்டும்" என்றான். அடித்தேன். பதிலும் இல்லை, எர்ரரும் இல்லை.

"வரி தொடக்கத்துல பிஎஸ்னு கிடக்கா மக்கா?"

கிடந்தது. அப்படியென்றால் அது சிஎம்டி இல்லை, பவர்ஷெல் என்ற இன்னொரு கமாண்ட் விண்டோ. அங்கே வேர் என்பது வேறொரு கமாண்டின் சுருக்கம், அதனால்தான் வாயே திறக்கவில்லை. சிஎம்டியைத் திறந்து அதையே அடித்ததும் விண்டோஸ்ஆப்ஸ் என்று முடியும் ஒரு ஃபோல்டரைக் காட்டியது. அங்கே இருப்பது பைதானே இல்லை. ஸ்டோருக்கு அனுப்பிவைக்க விண்டோஸ் வைத்திருக்கும் பொம்மை. நாம் ஒரு பெயரை அடித்தால், பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் விண்டோஸ் வரிசையாகத் தேடும். பைதான் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பாத்தில் சேர்க்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அது டிக் இல்லாமல்தான் வரும். நோட்ஸில் அதைப் பற்றி மூச்சு இல்லை.

சரிசெய்ய அன்இன்ஸ்டால்கூட வேண்டாம். அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, மாடிஃபை கொடுத்து, அடுத்த திரையைத் தாண்டினால் என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் (பாத் இருப்பது இதற்குள்தான்) சேர்க்கும் கட்டம் வரும். டிக் போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ் என்று தேடி, பைதான் பெயரில் இருப்பவற்றை ஆஃப் செய்யுங்கள். முக்கியமான ஒன்று: திறந்திருக்கும் சிஎம்டி விண்டோவை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய விண்டோ பழைய பாத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அது தெரியாமல், மழைக்கு கரண்ட் போன வீட்டில் பேட்டரி தீரும்வரை பழைய விண்டோவிலேயே அடித்துக்கொண்டிருந்தேன். அவசரத்துக்கு பைதான் என்பதற்குப் பதில் பி, ஒய் என்ற இரண்டு எழுத்தை மட்டும் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும்.

அடுத்த வகுப்பில் பக்கத்து சீட் பிள்ளைகளின் லேப்டாப்பிலும் இதே ஸ்டோர் கூத்து. நானே சரிசெய்து கொடுத்தேன். சார் வந்து, "ஃபார்மேட் அடிச்சாச்சா?" என்றார். "தேவைப்படல சார்."

ஃபோல்டர் மாறுவதிலும் ஒரு வம்பு உண்டு. சிடி (cd) என்ற கமாண்ட் போட்டு டெஸ்க்டாப்புக்குப் போனால் அப்படி ஒன்று இல்லை என்று வந்தால், மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவ் அதைத் தன் ஃபோல்டருக்குள் இழுத்து வைத்திருக்கும். தேடி அலைய வேண்டாம். வேண்டிய ஃபோல்டரை மவுஸால் திறந்து, மேலே அட்ரஸ் பாரில் சிஎம்டி என்று அடித்து என்டர் கொடுங்கள், அங்கேயே கறுப்பு விண்டோ திறக்கும். டி டிரைவுக்குப் போக சிடி-யும் டிரைவ் பெயரும் மட்டும் போதாது, நடுவில் சாய்கோடும் இன்னொரு டி-யும் சேர்க்க வேண்டும் (cd /d d:). பெயரைப் பாதி அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும்; பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியும் தானே போட்டுக்கொள்ளும்.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் இன்ஸ்டால் சிக்கலில்லை. அந்தக் கோடை ஆன்லைனில் வைக்கும் கிட்ஹப் லாகினும் பிரவுசரிலேயே முடிந்தது. நோட்ஸில் பாஸ்வேர்டைக் கமாண்ட் விண்டோவிலேயே அடிக்கச் சொல்லியிருக்கிறது, கிட்ஹப் அதை 2021 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. மாட்டிக்கொண்டது முதல் கமிட்டில், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது. என்ன மாற்றம் என்று சொல்லும் மெசேஜ் கொடுக்காமல் கமிட் அடித்தால் விம் எடிட்டர் திறக்கும். வெளியே வர எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். (இதற்கு முன்னோடியான விஐயை பில் ஜாய் எழுதியது 1976-இல், எங்கள் அம்மையைவிட மூத்தது.) அப்படி வெளியே வந்தால் கமிட் ஆகியிருக்காது, மெசேஜோடு மறுபடி அடிக்க வேண்டும். விம் வேண்டாம் என்றால் கிட் இன்ஸ்டால் செய்யும்போதே எந்த எடிட்டர் என்று ஒரு திரை கேட்கும். அங்கே நெக்ஸ்டைத் தட்டிவிட்டுப் போகாமல் நோட்பேடைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.