வாசலில் கேட்ட குரல்

சர்க்கரை ஏறியிருப்பதால் தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிய என் அப்பா, நான்கே நாள் நடந்தார். அவருக்கு வயது 72. கால் மரத்துப்போகும், கண் மங்கும் என்று நானும் தம்பியும் மாறி மாறிப் பயமுறுத்தினோம். அது தவறு. பயம் அவரைக் கட்டிலோடு சேர்த்ததே தவிர, தெருவுக்குக் கொண்டுவரவில்லை.

அவரை எழுப்பியது எதிர்வீட்டு அண்ணாச்சிதான். காலை ஐந்தரை மணிக்கு "வாரியளா?" என்று வாசலில் குரல் கேட்கும், இருவரும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். முந்தின இரவே ஷூவை வாசல் நடையில் எடுத்துவைத்து, காலுறைகளைச் சுருட்டி இடது ஷூவுக்குள் செருகிவிட்டுத்தான் அப்பா படுக்கிறார். தனக்காக ஒருவர் காத்து நிற்பார் என்ற எண்ணம் எந்த மாத்திரைச் சீட்டையும்விட வலுவானது என்பதை நான் கண்ணால் கண்டேன். அண்ணாச்சி பத்து நாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பாவின் நடையும் நின்றுபோனது.

அம்மாவுக்கு 'வாக்கிங்' என்ற சொல்லே கூச்சம். ஆனால் வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால், காந்திமதி அம்மன் சன்னதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாகச் சுவாமி சன்னதிக்கு வந்து, பிராகாரத்தையும் நிதானமாகச் சுற்றிவிடுவார். மூட்டுவலியைப் பற்றி அன்று ஒரு வார்த்தை வராது.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்குவதோடு, 3 நாளாவது சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல். வயதாக ஆகத் தொடைத் தசை தளர்ந்து, கீழே விழும் ஆபத்து கூடுவதால், நடை மட்டும் போதாது. இதை அப்பாவிடம் எண்களாகச் சொல்லாமல், "குறுக்குத்துறை ஆற்றில் யார் கையையும் பிடிக்காமல் படியிறங்க வேண்டாமா அப்பா?" என்றுதான் கேட்டேன். மறுநாள் முதல், நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார்.

தை அமாவாசையன்று தர்ப்பணத்துக்குப் போனபோது, செம்பை ஏந்தியபடி படித்துறையில் தானாகவே இறங்கினார். தண்ணீருக்குள் இருந்த பாசிபிடித்த கடைசிப் படியில் மட்டும் என் கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.