வேலிச் செலவு: யார் பங்கு எவ்வளவு?

ஜூன் 3

பொது வேலி 80 அடி. 8 அடிக்கு ஒன்றாக 11 இரும்பு ஆங்கிள் (L வடிவக் கம்பி) தூண்கள், 5 அடி உயரக் கம்பி வலை. நான்கு தூண்கள் சாய்ந்துவிட்டன, மூன்று கண்ணிகளில் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) வலை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது: "வேலி போட்டது உங்க அப்பா, நீங்களே பாத்துக்குங்க." நம் பக்கத்து வாதம்: வேலி இருவருக்கும்தான், ஆளுக்குப் பாதி. இரண்டுமே பழுதைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு.

ஜூன் 5

பணப் பேச்சுக்கு முன் எல்லைக் கல்லைப் பார்ப்பது அவசியம். இரு முனைக் கல்லுக்கும் நூல் கட்டிப் பார்த்ததில், வேலி கோட்டின் மேலேயே நிற்கிறது. ஒருவர் நிலத்துக்குள் முழுக்க நின்றிருந்தால் அது அவர் வேலி. பக்கத்து வீட்டில் பங்கு கேட்பது கடினம். நூல் கட்டும்போது அவரும் கூட நிற்க வேண்டும். அவர் இல்லாமல் அளந்த அளவை அவர் ஏற்கமாட்டார்.

ஜூன் 6

தூண் தூணாக எண் போட்டு, இரு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாயிற்று. 4, 5: தரை மட்டத்தில் துரு தின்றிருக்கிறது. கான்கிரீட்டின் தலை குழிவாக இருந்ததால் மழைநீர் தேங்கி அரித்த பழைய பழுது. யார் மேலும் குற்றமில்லை. 8, 9: துருவே இல்லை, நம் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அவர் பக்கம் வேலியை ஒட்டி இரண்டடிக்கு மண் குவிந்திருக்கிறது, நனைந்த மண்ணின் பாரம் தள்ளிவிட்டது. வலையில் இரண்டு கண்ணி பழசாகிப் போனவை. மூன்றாவது, நம் கொடி ஏறிப் படர்ந்து இழுத்ததில் கிழிந்தது. அது நம் கணக்கு. முதலில் அதைச் சொன்ன பிறகுதான் மண்குவியலைப் பற்றிப் பேச முடிந்தது.

ஜூன் 9

மதிப்பீடுகளைச் சும்மா வாங்கினால் ஒப்பிட முடியாது. மலிவாகத் தெரிந்த மதிப்பீட்டில் வலைக் கம்பி 12 கேஜ், மற்றதில் 10. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்: 10 என்றால் சுமார் 3.25 மி.மீ., 12 என்றால் 2.64. இரண்டு அங்குலக் கண், 10 கேஜ், துத்தநாகப் பூச்சு, ஆங்கிள் 40×40×6 மி.மீ. என்று ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்துத் திரும்பக் கேட்டாயிற்று. முனைத் தூண்களுக்கு முட்டுக்கால் (சாய்வாகத் தாங்கும் கால்) உண்டா என்பதையும் எழுதித்தரச் சொல்ல வேண்டும். பலர் விடுவது அதைத்தான். வலையின் இழுவை முழுதும் முனையில் விழும். முட்டு இல்லாவிட்டால் முனைத் தூண் உள்ளே வளையும்.

ஜூன் 11

மொத்தச் செலவை 100 பங்காக வைத்துப் போட்ட கணக்கு:

தூண் ஒன்றுக்கு 9, நான்குக்கு 36. துருப்பிடித்த இரண்டும் பொது, மண் தள்ளிச் சாய்ந்த இரண்டும் அவருக்கு. வலை கண்ணிக்கு 12, மூன்றுக்கு 36. இரண்டு பொது, கொடி கிழித்தது நமக்கு. இழுகம்பி (வலையை இறுக்கிப் பிடிக்கும் கம்பி), முட்டுக்கால், பழையதை அகற்றும் கூலி 28, பொது.

நமக்கு 47, அவருக்கு 53. "பாதி" என்று கேட்டதிலிருந்து மூன்றே பங்குதான் தள்ளி நிற்கிறது! ஆனால் பாதிக்கு ஒப்பாதவர் 53க்கு ஒப்பினார், ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணெதிரே ஒரு தூண் இருந்ததால். மேலே முள்கம்பி வரிசை அவர் விருப்பம். அது 100க்கு வெளியே, முழுக்க அவர் செலவு.

ஜூன் 12

ஒரு பக்கத் தாள், இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. வேலை விவரம், பங்கு, பணம் தரும் நாள். கூடவே "இந்தப் பழுதுபார்ப்பு எல்லைக் கோட்டை மாற்றாது" என்ற வரி. பணத்தை ஒருவர் கையில் சேர்க்காமல் ஆளுக்கு ஆள் நேரே வேலைக்காரரிடம் கொடுத்துத் தனி ரசீது வாங்குவது என்றும் எழுதியாயிற்று. கடைசிப் பத்தில் ஒரு பங்கு, வலை இழுத்துக் கட்டிய பிறகே.

ஜூன் 16

மண்ணை அகற்றிய பிறகே குழி. பழைய குழியிலேயே புதுத் தூண். அரையடி நகர்ந்தாலும் செலவுத் தகராறு எல்லைத் தகராறாகிவிடும். குழி ஓரடிச் சதுரம், இரண்டடி ஆழம், 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி), முக்கால் அங்குல ஜல்லி. தலையைத் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூச வேண்டும். தரை மட்டத்துக்கு மேலும் கீழும் அரையடிக்குத் தார் பெயிண்ட்.

ஜூன் 23

கான்கிரீட் இறுக ஏழு நாள் ஈரச்சாக்கு போட்ட பிறகு இன்றுதான் வலை ஏற்றினார்கள். மறுநாளே இழுக்கத் துடித்தார்கள். இழுத்திருந்தால் தூண் அசைந்து கான்கிரீட் விட்டிருக்கும். மேல், நடு, கீழ் என மூன்று இழுகம்பி, முனையில் டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) வைத்து முறுக்கியாயிற்று. முள்கம்பியைத் தாங்கும் தூண் உச்சிக் கை அவர் பக்கமே சாய்கிறது. மீதிப் பணத்தை இருவரும் கொடுத்து, ரசீதுகளைத் தாளோடு சேர்த்துப் பின் அடித்தாயிற்று.